அட்டைப்பெட்டிக் கட்டில்

டேப்பைப் பல்லால் கடித்து அறுத்தாள் அவள். கத்தரிக்கோலைத் தேட நேரமில்லை. நசுங்கிப்போன அட்டைப்பெட்டியை முட்டியால் அழுத்தி நிமிர்த்தி, மூலையில் டேப்பை இழுத்து ஒட்டி...

"அந்தப் பக்கம் பிடிங்க. சிலை மாதிரி நிக்காதீங்க."

பிடித்தான். தலையிலிருந்து மழைத்தண்ணீர் சொட்ட, தன் வீட்டில், தன் அறையில், முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் அதட்டலுக்கு அடங்கிப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

நடந்தது இவ்வளவுதான். லிஃப்ட் பழுதுபார்ப்பது அவன் பிழைப்பு. இரண்டு மாடிக்கு நடுவில் சிக்கிக்கொண்ட ஒரு லிஃப்டோடு விடிய விடிய மல்லுக்கட்டிவிட்டு வந்தவன், செருப்பைக் கழற்றிய கையோடு கட்டிலில் போய் விழுந்தான். கட்டில் மடக்கென்று உள்ளே போய்விட்டது. பட்டு விரிப்புக்கும் பஞ்சுத் தலையணைக்கும் அடியில் மெத்தையும் இல்லை, கட்டிலும் இல்லை. அவனுடைய பழைய கட்டில் இருந்த இடத்தில் வெறும் அட்டைப்பெட்டிகள்.

சத்தம் கேட்டு ஓடி வந்தவள், அடிபட்டதா என்று கேட்கவில்லை. எத்தனை பெட்டி போச்சு என்றுதான் கேட்டாள்.

"யாருங்க நீங்க?" என்றான், பெட்டிகளுக்கு நடுவிலிருந்து.

"வீட்டை விக்கிறதுக்கு ரெடி பண்ண வந்தவ. நீங்க?"

"இந்த வீட்ல இருக்கறவன்."

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். கொட்டலாமா வேண்டாமா என்று இன்னும் முடிவு செய்யாத வானம் மாதிரி ஒரு ஜோடிக் கண்கள்... ஒரு நொடி அவனுக்கு எழுந்திருக்கவே தோன்றவில்லை.

"எழுந்திருங்க சார். ஆள் வர்ற நேரம்."

வீட்டை அலங்கரிக்கத் தரகர் ஆள் அனுப்புவார் என்று அக்கா போனில் சொல்லித்தான் இருந்தாள். அவன்தான் காதில் வாங்கவில்லை. அக்கா இருப்பது விமானம் ஏறிப் போக வேண்டிய தூரத்தில். அம்மாவின் காரியங்களுக்கு வந்துவிட்டுத் திரும்பும்போதே, வீட்டை விற்றுவிடலாம் என்று முடிவு செய்துவிட்டாள். அவனுக்கும் அதுதான் வேண்டியிருந்தது. பின்னறையில் அம்மா இருமுவது போலிருக்கும். தம்ளரில் தண்ணீர் எடுத்துக்கொண்டு போவான். அறை காலியாக இருக்கும். தம்ளரோடு திரும்பி வருவான். இந்த வீட்டில் இனி ஒரு மழைக்காலம் தாங்காது என்று அவனுக்குத் தெரியும். வேறு ஊரில் ஒரு கம்பெனி, மழை விடும்வரை அவனுக்காக ஒரு வேலையை நிறுத்தி வைத்திருந்தது. வீடு கைமாறினால், சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். விற்கும்வரை வீட்டைப் பூட்டிப் போட்டுவிட்டுப் போகக்கூடாது... அது அக்காவின் உத்தரவு.

வீட்டைப் பார்க்க ஆள் வரும்போது, குடியிருப்பவனும் இருக்கக்கூடாது, அலங்கரித்தவளும் இருக்கக்கூடாது என்பது தரகர் போட்ட சட்டம். அதனால் இருவரும் எதிரே இருந்த பஸ் நிழற்குடையில் போய் நின்றார்கள். குடை ஒன்று. அதுவும் அவளுடையது. அவன் மரியாதைக்காக ஓரமாய் நடந்து பாதி நனைந்தான்.

"எங்கம்மா போட்டோவை எங்க வச்சீங்க?"

"பத்திரமா இருக்கு. பீரோவுக்குள்ள, துணி சுத்தி வச்சிருக்கேன்." குடையை உதறி மடக்கினாள். "வர்றவங்க உங்க வாழ்க்கையைப் பாக்கக்கூடாதுங்க. அவங்களோட வாழ்க்கையைப் பாக்கணும். அதான் எங்க தொழில்."

எதிரே, முன்பின் தெரியாத ஒரு குடும்பம் அவன் வாசலில் காலைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனது. அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவள் அதைப் பார்த்தாள். பையிலிருந்து ஒரு சின்னத் துண்டை எடுத்து நீட்டினாள், தலை துவட்ட.

அந்தக் குடும்பம் படியிறங்கும்போதே வேண்டாம் என்று சொல்லிவிட்டது. இன்னும் ஆட்கள் வந்தார்கள். மழையும் வந்தது. ஒவ்வொரு முறையும் அதே நிழற்குடை, அதே பெஞ்சு. அவனுக்கு அவள் வைத்த பெயர் 'கட்டில் உடைச்சவர்'. காலையில் தரகரிடம் பேசும்போதுகூட, கட்டில் உடைச்சவர் கிளம்பிட்டாரா என்றுதான் விசாரிப்பாள் என்று கேள்வி. பதிலுக்கு அவன் 'பொய்ப்பழம்' என்றான். சாப்பாட்டு மேசையில் அவள் வைத்திருந்த மெழுகு ஆப்பிளைக் கடித்துப் பல் கூசிய நாளிலிருந்து.

தன்னைப் பற்றி அவள் சொன்னதெல்லாம் கேலியாகத்தான். ஊரார் வீட்டுக்கெல்லாம் திரைச்சீலை போடுகிறவள், தான் படுப்பது அண்ணன் வீட்டு ஹாலில், சோபாவுக்கும் டிவிக்கும் நடுவில் என்றாள். சீரியல் முடிந்து அண்ணி எழுந்த பிறகுதான் பாயை விரிக்க முடியுமாம். சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு கண் வரைக்கும் போகவில்லை. அவனுக்கு அன்று முழுவதும் வேலையில் கை ஓடவில்லை.

இருமல் சத்தம் கேட்பதை அவளிடம் மட்டும்தான் சொன்னான். அவள் ஆறுதல் சொல்லவில்லை. "தண்ணியைத் திருப்பி ஊத்தாதீங்க. நீங்களே குடிச்சிடுங்க" என்றாள்.

அதைக் கேட்ட பிறகு, பஸ்ஸே வராத அந்த நிழற்குடைதான் அவனுக்கு வீடு மாதிரி இருந்தது.

ஆனால் வீடு மட்டும் விற்கவில்லை. அதுதான் விசித்திரம். வருகிறவர்கள் அறை அறையாகப் பார்ப்பார்கள், பிடித்திருக்கிறது என்பார்கள், நல்ல நாள் பார்த்துச் சொல்கிறோம் என்பார்கள். மறுநாள் தரகருக்கு போன் வரும்... வேண்டாமாம். அவள் கைபட்ட வீடு இதுவரை விற்காமல் தங்கினதே இல்லை என்று பெருமை பேசிய தரகர், இப்போது அவள் காதுபடவே ராசி பற்றிப் பேச ஆரம்பித்தார். இந்த வீடு போகவில்லையென்றால் அடுத்த வீடு அவளுக்கு இல்லை.

அக்காவுக்கு விஷயம் போயிற்று. நிழற்குடை விஷயமும் சேர்ந்தே போயிற்று.

"டேய், அவ தொழிலே இல்லாததை இருக்கற மாதிரி காட்டறதுதான். உன்கிட்ட சிரிச்சதையும் அந்தக் கணக்குல சேர்த்துக்கோ. அவளுக்கு நீயும் ஒரு ஃபர்னிச்சர்டா, தம்பி."

போனை வைத்த பிறகும் அந்த வார்த்தை முள்ளாகத் தைத்துக்கொண்டே இருந்தது. மெத்தை பொய். பழம் பொய். ஜன்னலோரம் வைத்த பூ பொய். அப்படியானால் அந்தத் துண்டு?... அந்தப் பார்வை?

அன்று நிழற்குடையில் அவள் வழக்கம்போல், கட்டில் உடைச்சவருக்கு ஏன் முகம் இஞ்சி தின்ன மாதிரி இருக்கு என்று கேட்டாள். அவன் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"எங்கிட்ட எதுக்குங்க இந்த நடிப்பு? நான் வீடு வாங்க வந்தவன் இல்லையே."

அவள் குடையை விரித்தாள். அவனுக்கு விட்டுவைக்கிற பாதி இடம் அன்றைக்கு இல்லை. நடுக்குடையில், நேர் நடையில், தெருமுனை வரை திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு அவள் வந்தாள், அடுக்கினாள், போனாள். அவன் இருக்கும் நேரத்தில் வரவில்லை. பெஞ்சில் அவன் தனியாக உட்கார்ந்து அடுத்தவர்கள் தன் வீட்டைப் பார்ப்பதைப் பார்த்தான். மழை விடுகிற மாதிரி இருந்தது. கம்பெனியிலிருந்து போன் வந்தது, வருகிறாயா இல்லையா என்று. அதே வாரம் தரகர் அவளுக்குக் கணக்கு முடித்துவிட்டார். சாமான்களைத் திருப்பி எடுத்துப் போகச் சொல்லிவிட்டாராம்.

அவன் வேலைக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு ஓடி வந்தான்.

வீடு மொட்டையாக இருந்தது. சோபா போய்விட்டது. வாசலில் வண்டி நின்றது. பின்னறையில் நாற்காலி மேல் ஏறித் திரைச்சீலையை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்தும் கை நிற்கவில்லை.

"அன்னிக்கு நான் பேசினது தப்பு" என்றான்.

"வளையத்தைப் பிடிச்சுக்கோங்க. கீழ விழும்."

பிடித்துக்கொண்டான்.

"கம்பெனிக்கு வரலைன்னு சொல்லிட்டேன்."

இப்போது கை நின்றது.

"வீடு விக்காததாலயா?" குரல் என்னவோ போலிருந்தது.

"வித்தாலும் போறதா இல்லை. எனக்கு இந்த வீடு வேணாம். ஊர் வேணும். நீங்க இருக்கற ஊர்." கையிலிருந்த வளையத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு. உங்க பக்கம் அது நிஜமா, தொழிலான்னு இனிமே கேக்க மாட்டேன். இல்லைன்னாலும் பரவாயில்லை."

நாற்காலியிலிருந்து இறங்கினாள். இறங்கினவள் நிற்கவில்லை. வெறுந்தரையில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். எத்தனையோ நாளாக முடிவு செய்யாமல் இருந்த அந்தக் கண்கள் இப்போது கொட்டின.

"நடிப்புன்னு சொன்னீங்களே... அன்னிக்கே சொல்லியிருப்பேன். சொன்னா என் வேலை போயிடும்னு பயம். இப்பதான் போயிடுச்சே."

"என்ன சொல்லியிருப்பீங்க?"

"இந்தச் சுவர் மழையில ஊறும். தெரியக்கூடாதுன்னு அதுக்கு பெயின்ட் அடிச்சு மறைச்சது நான்தான். வீடு பாக்க வர்றவங்களுக்கு நேரம் குறிச்சுக் குடுக்கறதும் நான்தான். எல்லார் நம்பரும் என்கிட்ட இருக்கு." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "முதல்ல வந்தவங்க அவங்களாவே வேணாம்னுட்டாங்க. அதுக்கப்புறம் யாராவது பிடிச்சிருக்குன்னு சொல்லிட்டுப் போனா எனக்குப் பொறுக்காது... நீங்க ஊரை விட்டுப் போயிடுவீங்களேன்னு."

அவன் அவள் எதிரே மெதுவாகத் தரையில் உட்கார்ந்தான்.

"அன்னிக்கு சாயங்காலமே அவங்களுக்கு போன் பண்ணிடுவேன். ஒருத்தரையும் விட்டதில்ல. சுவரெல்லாம் ஊறுதுங்க, இந்த வீட்டை வாங்காதீங்கன்னு..."