கடம்பக் கணவாயில் ஒரு சொல்

மேற்கு மலைமுடிகளில் செவ்வானம் கருகி, கடம்பாற்று நீரில் பிறைநிலவு வெள்ளி இழையாய் நெளியத் தொடங்கிய அந்திவேளையில், கொங்கு நாட்டின் வடஎல்லையான கடம்பக் கணவாய்க் கோட்டைக்குள் விரைந்து நுழைந்துவிடுவோம், அன்பு வாசகர்களே. வாயிலை அடைக்கப் போகிறார்கள்!

கீழைக் கடற்கரை உப்பு இவ்வழியாகத்தான் கன்னட மேட்டுநிலத்துக்கு ஏறும். அங்கிருந்து கேழ்வரகும் நெய்யும் இறங்கும். மலைக்குடிகள் தேனோடு வந்து இடையில் அமர்வார்கள். மும்மொழியும் கலந்து இரையும் அந்தச் சந்தையில் இன்று யாரும் யாரையும் நேராகப் பார்க்கவில்லை. வடக்கே கன்னட மன்னனின் ஒற்றன் ஒருவன் வணிகரோடு வணிகனாகக் கலந்திருக்கிறானாம்.

"உமக்கு எந்த ஊர், உப்பு வணிகரே?" என்றார் கோட்டைத் தலைவர் அத்தியரையர்.

"கீழைக் கடற்கரை, ஐயனே. பெயர் எழினி. இந்த எருதும் அங்கே நான் கன்றிலிருந்து வளர்த்ததுதான்."

"அப்படியானால் கூப்பிடும், பார்ப்போம்."

"வா!" என்றான் எழினி. எருது நின்ற இடத்திலேயே அசைபோட்டது.

"உம்முடைய வேல்களைக் கண்டு மிரள்கிறது, ஐயனே. எனக்கே கால் நடுங்குகிறதே!"

வீரர்கள் சிரித்தார்கள். அத்தியரையர் சிரிக்கவில்லை. ஒற்றன் என்று தெரிந்தால் அவனை மலைமுகட்டிலிருந்து உருட்டிவிடுவார்கள்.

தந்தையின் பின்னால் நின்றிருந்தாள் அவர் மகள் பூதி. அவள் மணிக்கட்டில் கிடந்த சங்கு வளை எழினி தந்தது. ஆற்றங்கரையில் அவன் இந்த எருதை அழைத்ததை எத்தனை முறை கேட்டிருக்கிறாள்! அவனைக் காப்பாற்றும் ஆவலில், உதடு சேர்த்து அழைத்தாள்:

"பா!"

எருது தலையசைத்து அவளிடம் வந்து நின்றது.

எல்லையில் வளர்ந்தவள் அவள். எந்தச் சொல் எந்த நாட்டாருடையது என்று அவள் பிரித்துப் பார்த்ததே இல்லை. அத்தியரையர் பார்த்தார்.

"கடற்கரையில் வளர்ந்த எருதுக்கு நம் 'வா' தெரியாது, கன்னடத்துப் 'பா'தான் தெரியுமோ?" என்றவர் மெல்லத் திரும்பினார். "மகளே, இவன் எருதை அழைக்கும் சொல் உனக்கு எப்படித் தெரிந்தது?"

அவள் வாய் திறக்குமுன் எழினி பக்கத்து வீரனின் தீவட்டியைத் தட்டிவிட்டான். பாதி மூடிய வாயிலின் இடுக்கில் நுழைந்து பாய்ந்தான். ஆற்றுநீர் சிதறும் ஓசை கேட்டது. அம்புகள் இருளைத்தான் துளைத்தன.

சற்றுப் பொறுத்து அக்கரையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"பா!"

எருது செவியை நிமிர்த்தியது. பூதியின் வலது கால் தன்னையறியாமல் ஓரடி முன்னே நகர்ந்தது.

அத்தியரையரின் கண்கள் எருதின் மீது இல்லை.