பீடத்துக்கு முன்னால் ஒரு நாற்காலி

சின்னாத்தாளுக்குக் கோபம் வந்தால் முதலில் பாத்திரங்கள்தான் பேசும். வாய் அப்புறம்தான். அந்தத் திங்கட்கிழமை விடிந்ததிலிருந்து அந்த வீட்டில் பாத்திரங்கள் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தன. குடம் ணங்கென்று இறங்கியது. சட்டி மூடி உருண்டது. மருமகள் தெய்வாத்தாள் காபியைக் கொண்டுவந்து வைத்ததும், டம்ளரை எடுத்து வாசலில் அப்படியே கவிழ்த்துவிட்டாள்.

“காப்பி மேல என்னங்க அத்தை கோவம்?”

“காப்பி மேல இல்லடி அம்மணி... போட்ட கை மேல! ஊருக்கு முன்னால பண்ணாடிய அவமானப்படுத்துன கை போட்ட காப்பி என்ர தொண்டையில எறங்குமா?”

பாத்திரங்கள் ஓய்ந்து வாய் ஆரம்பித்துவிட்டது. இனிச் சுலபத்தில் நிற்காது.

நடந்தது இதுதான். சூலூருக்குப் பக்கத்தில் உள்ள அந்த ஊரில் கர்த்தருக்கு ஒரு சின்ன ஓட்டுக் கோயில் இருந்தது. காலங்காலமாகத் தோட்டங்காட்டில் கூலி வேலை பார்த்த குடும்பங்கள் அங்கே கும்பிட்டன. கோயிலுக்கு இடம் கொடுத்தவர் தோட்டத்துச் சொந்தக்காரரான பெரிய பண்ணாடி. அவர் போய்ச் சேர்ந்த பிறகு மகன் நஞ்சப்பன் பண்ணாடி ஆனார். தோட்டத்தில் ஒரு பக்கம் விசைத்தறிக் கொட்டகை போட்டார். தெய்வாத்தாளின் புருசன் அங்கப்பனும் கொழுந்தன் ஜெரோமும் அங்கேதான் தறி ஓட்டினார்கள்.

வருடா வருடம், விளைந்ததில் முதலைக் கர்த்தருக்குப் படைக்கும் அறுப்பின் பண்டிகைக்கு நஞ்சப்பன் வருவார். அவர் கும்பிடும் சாமி வேறு, இருந்தாலும் வருவார். பீடத்துக்கு நேர் முன்னால் அவருக்கு ஒரு நாற்காலி. மற்றவர்களுக்குப் பாய். அவர் உள்ளே நுழைந்தால், ஜெபம் நடந்துகொண்டிருந்தாலும் சபை எழுந்து நிற்கும். முதல் காணிக்கைக் கூடை நேராகப் பீடத்துக்குப் போகாது, அந்த நாற்காலியின் முன்னால் நிற்கும். பண்ணாடி ஒரு சீப்பு வாழைப்பழமோ கொஞ்சம் கத்தரிக்காயோ எடுத்துக்கொள்வார். மிச்சம் கர்த்தருக்கு! இது யார் ஏற்படுத்திய முறையென்று யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள யாரும் ஆசைப்பட்டதும் இல்லை.

சின்னாத்தாளின் புருசன்தான் அந்த ஊரில் முதன்முதலில் ஞானஸ்நானம் எடுத்தவர். அதனால் முதல் கூடையைத் தூக்குவது அந்த வீட்டு மருமகளின் உரிமை. நேற்று தெய்வாத்தாள் தூக்கினாள். கூடையில், வீட்டுக்குப் பின்னால் பாத்திரம் கழுவிய தண்ணீரை ஊற்றி ஊற்றி அவள் வளர்த்த வாழையின் முதல் தார். நாற்காலிக்குப் பக்கத்தில் வந்தாள். பண்ணாடி வழக்கம்போலக் கையை நீட்டினார். அவள் நிற்கவில்லை. சுற்றிக்கொண்டு போய்ப் பீடத்தில் கூடையை இறக்கிவிட்டு முழங்கால் போட்டாள். அவள் செய்தது அவ்வளவுதான்.

நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. போதகர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். அன்றைக்குப் பார்த்துத்தான் அதில் அவ்வளவு அழுக்கு! பண்ணாடி எழுந்து விடுவிடுவென்று வெளியே போனார். பாட்டு பாதியில் நின்றது.

சாயங்காலத்துக்குள் பண்ணாடியிடமிருந்து ஆள் வந்துவிட்டது. தெய்வாத்தாள் பண்ணாடி வீட்டு வாசலுக்கு வந்து, நாலு பேர் முன்னால் மன்னிப்புக் கேட்கவேண்டும். இல்லாவிட்டால் அண்ணன் தம்பி இரண்டு பேரும் தறிப் பக்கம் தலைகாட்டக் கூடாது.

“அண்ணி...” என்று உள்ளேயிருந்து வந்தான் ஜெரோம். இரவெல்லாம் தூங்காத கண்கள். “அம்மா காட்டு வேலைக்குப் போனப்ப எனக்குச் சோறு ஊட்டி வளத்துனது நீங்கதானுங்க. இன்னைக்கு அந்தச் சோத்துலயே மண்ணப் போட்டுப்போட்டீங்களே!”

தெய்வாத்தாளுக்குச் சுருக்கென்றது. மாமியாரின் பேச்சு அவளுக்குப் பழகிப்போனது. இவன் அப்படியா? அவள் கல்யாணமாகி வந்தபோது டவுசர் நழுவ நழுவ ஓடித் திரிந்த பையன். தன் வயிற்றில் ஒன்றும் தங்காமல் போனபிறகு இவனைத்தானே பிள்ளையென்று நினைத்தாள்!

“மண்ணப் போடல கண்ணு... கூடைய எங்க எறக்கி வெக்கோணுமோ அங்க எறக்கி வெச்சேன்.”

“பேச்சப் பாரு!” சின்னாத்தாள் பாய்ந்தாள். “போன வருசம் உன்ர புருசன் காமாலையில கண்ணு சொருகிக் கெடந்தானே... ஆருடி காரு குடுத்தது? பண்ணாடி காரு இல்லீன்னா கோயமுத்தூரு ஆசுபத்திரிக்குப் போறதுக்குள்ள என்ர மகன் போயிருப்பான்! அந்த நன்றி இருக்குதா உனக்கு? ஒரு புள்ளையப் பெத்திருந்தாத்தான உசுரோட அருமை தெரியும்!”

காமாலை என்றதும் தெய்வாத்தாள் பதில் சொல்ல வாயெடுத்தாள். அவளிடம் சொல்வதற்கு ஒன்று இருந்தது. சொன்னால் அந்த வீட்டில் அத்தனை வாயும் அடைத்துப்போகும். ஆனால் சொல்லவில்லை, உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

அங்கப்பன் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தான். கெட்டவன் இல்லை அவன். பண்ணாடியைக் கண்டால் முதுகு தானாக வளைந்துவிடும், அதுதான் அவன் குறை. அவன் அப்பனுக்கும் அப்படித்தான் வளைந்தது.

“இந்தா பாரு தெய்வா... ஒண்ணு, இப்ப என்ர கூட வந்து மன்னிப்புக் கேளு. இல்லாட்டி பெருந்துறைக்கு பஸ் ஏறி உன்ர அண்ணன் ஊட்டுக்குப் போயிரு. இனி இந்த ஊட்டுல உனக்கு...” மேலே சொல்ல முடியாமல் அவன் குரல் கம்மியது.

“எனக்கு எடமில்ல, அதானுங்களே? முழுசாத்தான் சொல்றது!”

அவன் சுவரைப் பார்த்தான். அவள் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள்.

“வாரேன், போலாம். ஆனா அங்க நான் என்ன பேசோணும்னு ஆரும் எனக்குச் சொல்லித்தர வேண்டாமுங்க.”

பண்ணாடி வீட்டு இரும்புக் கேட்டுக்கு வெளியே செருப்பை விட்டுவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். இருவரும் விட்டார்கள். நஞ்சப்பன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை, அவர் வீடு, அவர் நாற்காலி. வேடிக்கை பார்க்கத் தறி ஆட்கள் கூடியிருந்தார்கள். ஓரமாகப் பண்ணாடியின் மனைவி ராமாமணி மிளகாயைக் காயப் போட்டுக்கொண்டிருந்தாள்.

“பண்ணாடி... பொம்பள, புத்தியில்லாம செஞ்சுபோட்டாளுங்க...” என்று குனிந்தான் அங்கப்பன்.

“நீ சும்மா இரு அங்கப்பா. அவ பேசட்டும்.”

தெய்வாத்தாள் கைகூப்பினாள். “கும்புடறனுங்க பண்ணாடி. எங்கூட்டுக்காரருக்குச் சீக்கு வந்தப்ப காரு குடுத்தீங்க. சாகற வரைக்கும் மறக்கமாட்டனுங்க. ஒரு தாரு வேணும்னு சொல்லியுடுங்க, இந்த வாசலுக்கே கொண்டாந்து தாரனுங்க. ஆனா நேத்து செஞ்சதுக்கு மன்னிப்புக் கேக்க நான் வரலீங்க.”

“தெய்வா!” அங்கப்பன் பதறிப்போனான்.

நஞ்சப்பனுக்கு முகம் சிவந்தது. “எங்கப்பன் குடுத்த எடத்துல உக்காந்து கும்புட்டுப்போட்டு எனக்கே நாயம் சொல்றயா?”

“குடுத்தீங்க, இல்லைங்கலீங்க. குடுத்ததுக்கப்புறம் அது கர்த்தரு ஊடுங்க. இது உங்க ஊடு, செருப்பக் கழட்டி உட்டுப்போட்டு வந்து நிக்கறேன். அது அவரு ஊடு, அங்க அவருக்கு முன்னால ஆருக்கும் நாற்காலி இல்லீங்க. தறிக்கு நீங்க பண்ணாடி. தோட்டத்துக்கு நீங்க பண்ணாடி. மழைக்கும் வெயிலுக்கும், உசுருக்கும் சாவுக்கும் அவரு ஒருத்தர்தானுங்க ராசா! ராசாவுக்குக் கொண்டு போறத வழியில நிறுத்தி, நீங்க எடுத்தது போக மிச்சத்த அவருக்கு வெக்கறதுக்கு... என்ர மனசு ஒப்பலீங்க!”

தறி ஆட்களில் யாரோ இருமினார்கள். மிளகாயைத் துழாவிக்கொண்டிருந்த ராமாமணியின் கை நின்றது.

“ஏ தெய்வாத்தா... நேத்து நீ வெச்ச தாரு, எங்க கெணத்து மேட்டுல இருந்து கொண்டு போன கன்னுல வந்ததா?”

தெய்வாத்தாள் தலையைக் குனிந்துகொண்டாள். “அதப் பத்தி இப்ப எதுக்குங்க...”

“எதுக்கா?” ராமாமணி எழுந்து புருசன் பக்கம் திரும்பினாள். “ஏனுங்க, அது நேந்துக்கிட்ட தாருங்க! போன வருசம் அங்கப்பன் ஆசுபத்திரியில கெடந்தப்ப இவ அழுதுக்கிட்டு வந்து எங்கிட்ட ஒரு கன்னு கேட்டா. ‘எங்கூட்டுக்காரரு பொழச்சு வந்தா மொதத் தாரு முழுசா கர்த்தருக்குங்க, ஒரு பழங்கூட ஆரும் தொடமாட்டாங்க’ன்னா. ஆனைமலை மாசாணியாத்தாளுக்கு நாம நேந்துவிட்டத வேறொருத்தன் தொட்டா நீங்க உடுவீங்களா?”

அங்கப்பன் தன் மனைவியைப் பார்த்தான். தினமும் அவள் வாழைக்குத் தண்ணீர் ஊற்றும்போது கேலி செய்திருக்கிறான், ‘வாழைக்கு ஊத்தற தண்ணிய எனக்கு ஊத்துனா நான் வெள்ளையா ஆயிருவேன்’ என்று. அவள் சிரித்ததோடு சரி. அத்தனையும் தன் உயிருக்காகவா?

நஞ்சப்பனின் கோபமும் கொஞ்சம் இறங்கியது. சாமிக்கு நேர்ந்தது என்றால் அவருக்கும் பயம் உண்டு. “அட... நேர்ச்சையா? மொதல்லயே சொல்லியிருந்தா நான் கை நீட்டியிருப்பனா? செரி, உடு. இந்த வருசம் போனது போகட்டும். அடுத்த வருசத்துல இருந்து வழக்கப்படி நடந்துக்க. போங்க, போய்த் தறிய ஓட்டுங்க.”

விஷயம் அத்தோடு முடிந்திருக்கவேண்டும். தலையை ஆட்டிவிட்டு வந்திருந்தால் வேலையும் மிஞ்சியிருக்கும், வீடும் மிஞ்சியிருக்கும். வேறொருத்தியாக இருந்தால் ஆட்டியிருப்பாள். தெய்வாத்தாள் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை.

“இல்லீங்க பண்ணாடி... இதுக்குத்தான் நான் நேர்ச்சைய ஆருகிட்டயும் சொல்லல. சொன்னா அந்த ஒரு தாருக்கு மட்டும் வழி உடுவீங்கன்னு எனக்குத் தெரியுமுங்க. நேந்துக்கிட்டது மட்டும் அவருது, மத்ததெல்லாம் உங்களுதுங்களா? நேந்துக்காத கத்தரிக்காயும் அவரு வெளைய வெச்சதுதானுங்க. அடுத்த வருசமும் கூடை நிக்காதுங்க. அதுக்கடுத்த வருசமும் நிக்காதுங்க!”

நஞ்சப்பன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். “அங்கப்பா! இவளப் பெருந்துறைக்கு அனுப்பிச்சுபோட்டு நீ வா. உனக்கும் உன்ர தம்பிக்கும் தறி உண்டு. இல்லாட்டி இனி இந்தக் கேட்டத் தாண்டக்கூடாது. என்னடா சொல்ற?”

அங்கப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். குரல் நடுங்கத்தான் செய்தது.

“பண்ணாடி... நேத்திலிருந்து எங்கூட்டுல இவள ஒருத்தரும் சாப்பிட்டயான்னு கேக்கலீங்க. நானும் கேக்கல. ‘உங்களுக்காகத்தான் நேந்துக்கிட்டேன்’னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நாங்க அப்பவே வாயை மூடியிருப்போமுங்க. எல்லாப் பேச்சையும் வாங்கிக்கிட்டு நின்னா... இவள அனுப்பிப்போட்டு நான் ஆருக்காகங்க தறி ஓட்டறது? வேண்டாமுங்க. சூலூர்ல வேற தறி இல்லாமயா போயிரும்? நாங்க வாரமுங்க.”

பிறந்ததிலிருந்து முதல் தடவையாக அவன் பண்ணாடிக்கு முதுகைக் காட்டி நடந்தான். அந்த முதுகு வளையவில்லை. தெய்வாத்தாள் கும்பிட்டுவிட்டுப் பின்னால் வந்தாள்.

கேட்டைத் தாண்டியதும் அவன் வேலியோரமாக நின்று குலுங்கிக் குலுங்கி அழுதான். “எங்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாமில்ல புள்ள?”

“உங்ககிட்டயா?” அதுவரை அழாதவளுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. “ஆசுபத்திரியில கண்ணு முழிச்சதும் ‘பண்ணாடி காரு, பண்ணாடி காரு’ன்னு காரையே கும்புட்டீங்க. காரு ரோட்டுல ஓடும்... அது உசுர நிறுத்தி வெக்குமாங்க? நிறுத்தி வெச்சவரு பேர நீங்களாச் சொல்லோணும்னு பாத்துக்கிட்டு இருந்தேன். நீங்க சொல்லவே இல்லீங்களே!”

அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். ஊர் பார்க்கிற தெருவில் அப்படியே வீடுவரை நடந்தான்.

வாசலிலேயே ஜெரோமும் சின்னாத்தாளும் நின்றிருந்தார்கள். “மன்னிப்புக் கேட்டாளா?” என்றாள் சின்னாத்தாள், எடுத்த எடுப்பில்.

“இல்லீங்கம்மா. வேலை போச்சு... எனக்கும் போச்சு, தம்பிக்கும் போச்சு.” சொல்லிவிட்டு அங்கப்பன் மற்றதையும் சொன்னான். வாழைக்கன்று, நேர்ச்சை, பண்ணாடி விட்டுக்கொடுத்தது, இவள் அதையும் வேண்டாமென்றது, எல்லாவற்றையும்.

ஜெரோமால் அண்ணியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. “அண்ணி... சோத்துல மண்ணுன்னு...” என்று ஆரம்பித்தான்.

“போ கண்ணு. மூஞ்சியக் கழுவிப்போட்டு வா. நாளைக்கு வேலை தேடி அண்ணங்கூட சூலூருக்குப் போகோணும்.”

சின்னாத்தாள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு எழுந்து மருமகளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். “என்ர மகனுக்காக நேந்துக்கிட்டவள... புள்ளையில்லாதவன்னு சொல்லிப்போட்டனே... என்ர வாயி அழுகிப் போக!”

“வாயி எதுக்குங்க அழுகோணும்? நாளைக்கு இன்னும் பேசறதுக்கு வேணுமில்லீங்களா?” தெய்வாத்தாள் கண்ணைத் துடைக்காமலே சொன்னாள். “ஆனா ஒண்ணு அத்தை... பண்ணாடி வேலை குடுக்கலீன்னாலும் என்ர பேச்சு மாறாது. உங்களுக்குக் கோவமிருந்தா இப்பவே சொல்லிப்போடுங்க. பெருந்துறை பஸ் இன்னும் இருக்குது.”

“பஸ்ஸா? எவளாவது உன்ன பஸ் ஏத்த வரட்டும் பாக்கறேன்!” சின்னாத்தாள் மூக்கைச் சிந்தினாள். அவளுக்கு அழுகை நின்று வேறொன்று ஏறிக்கொண்டிருந்தது. “என்ர புருசன் மொதமொதல்ல முழுகி எந்திரிச்ச சபையாச்சேடி அது. இத்தன வருசமா ஜெபத்துக்கு நடுவுல எந்திரிச்சு எந்திரிச்சு நின்னு என்ர முட்டி தேஞ்சுபோச்சு... கர்த்தருக்கு முன்னால உக்காந்துக்கிட்டு இன்னொருத்தனுக்காக எந்திரிக்கறோமேன்னு ஒரு நாளு தோணுச்சா எனக்கு? கேட்டுக்கடி அம்மணி, அடுத்த வருசம் கூடைய நாந்தான் தூக்குவேன். உன்னையாட்டம் அந்த நாற்காலியச் சுத்திக்கிட்டெல்லாம் போகமாட்டேன்... அதத் தூக்கி வெளிய போட்டுப்போட்டு நேரா நடந்து போவேன்!”