ஐம்பத்தெட்டாவது மடிப்பு

அரியலூர் ரயில் நிலைய வாசலில் அந்தப் பெண் பார்சலைத் தலைக்குப் பிடிக்கவில்லை. முந்தானையைப் பார்சலுக்குப் போர்த்திவிட்டுத் தலையை மழைக்குக் கொடுத்து நின்றாள். சாமிதுரை காரை நிறுத்தியதற்கு அதுதான் காரணம். அப்படி நனைகிற காரியத்தை அவன் தன் அம்பாசிடருக்காக மட்டும்தான் செய்திருக்கிறான்...

பெரம்பலூரிலிருந்து சவாரி கொண்டுவந்து இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்புகிறவன். பெரம்பலூர் பஸ் இப்போதைக்கு வராது என்றான். அவள் வண்டியை ஒருமுறை, அவனை ஒருமுறை பார்த்துவிட்டுப் பின்னால் ஏறினாள். கண்ணாடியில் அவள் கண்கள் மட்டும் தெரிந்தன. இமையில் மழை நின்றது. சாலையை விட்டுக் கண்ணெடுக்காதவன் என்று பேர் வாங்கியவன் அன்றைக்கு மூன்று பள்ளத்தில் இறங்கினான்.

அவனுக்கு இன்னொரு பேரும் உண்டு. எந்த வண்டியில் என்ன கோளாறு என்று சாமிதுரை சொல்லிவிட்டால் பெரம்பலூர் கார் ஸ்டாண்டில் மறுபேச்சு கிடையாது. அவனிடம் இருந்த சொத்து அது ஒன்றுதான்.

பேரளிக்குக் கொஞ்சம் முன்னால் ஸ்டியரிங் பக்கத்தில் ஆயில் எச்சரிக்கை விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. சாலையோர நிழற்குடையில் வண்டியை ஒதுக்கி எஞ்சினை நிறுத்தினான். எரிச்சல். எல்லாம் பெரம்பலூரில் உதிரிபாகம் விற்கிற அந்த அரியமுத்து கடைச் சரக்கால் வந்தது என்று பின்னால் இருக்கிறவளுக்கும் கேட்கும்படி சொன்னான். அங்கே வாங்கின நீல டப்பா ஆயில் ஃபில்டர் அத்தனையும் டூப்ளிகேட். ரெண்டு மாதம் முன்னால் எஞ்சின் பேரிங்கே தேய்ந்து போய்விட்டது. ஸ்டாண்டில் இருபத்திரண்டு வண்டிக்காரர்களிடமும் சொல்லியாயிற்று. இப்போது ஒருத்தன்கூட அந்தக் கடைப்படி ஏறுவதில்லை. இதைச் சொல்லும்போது குரலில் பெருமை இருந்தது.

கண்ணாடியில் அந்தக் கண்கள் அசையவில்லை.

"அப்ப அது நீங்கதானா..."

"எது?"

"அரியமுத்து எங்கப்பா. வர்ற வெள்ளிக்கிழமை கடையைப் பூட்டுறோம்."

மழை கூரையில் அறைந்தது. அவளால் இறங்கிப் போக முடியாது. அவனால் இறக்கிவிட முடியாது.

பெயர் வேம்பு. ஜெயங்கொண்டத்தில் ஒரு பள்ளிக்கூட லேபில் உதவியாளர். கடைக்கு ஆள் வராமல் அப்பா மனசு உடைந்து படுத்ததும் லீவு போட்டு வந்திருக்கிறாள். சரக்கு மோசமா இல்லையா என்று தானே பார்த்துவிடுவதற்காக கடைக்குச் சரக்கு வருகிற அதே மெட்ராஸ் ஏஜெண்டிடமிருந்து நீல டப்பாவையும், ஒப்பிட்டுப் பார்க்க வேறு ரெண்டு கம்பெனி ஃபில்டரையும் வரவழைத்திருக்கிறாள். அதுதான் அந்தப் பார்சல்.

"டிரைவர் சார்... ஹாக்சா பிளேடு இருக்கா?"

அந்த 'சாரில்' இருந்த கிண்டல் அவனுக்குப் புரிந்தது. எடுத்துக் கொடுத்தான்.

நிழற்குடையின் சிமெண்ட் பெஞ்சில் மூன்று டப்பாக்களையும் வைத்தாள். சிவப்பு, பச்சை, நீலம். ஒவ்வொன்றிலும் இரண்டு பக்கத் தகரத்தையும் அறுத்து, நடுவில் இருந்த துளைக் குழாயை உருவி, மடித்து மடித்து அடைத்திருந்த காகிதத்தை வெளியே இழுத்தாள். சிவப்பு நாற்பது மடிப்பு. நாலு முழம்கூட வரவில்லை. பச்சை அதைவிடக் குறைவு, காகிதம் அட்டை மாதிரி தடிப்பு. நீலத்தின் ஒரு முனையை அவன் கையில் கொடுத்து, எண்ணிக்கொண்டே பின்னால் நடந்தாள். பெஞ்சு முடிந்தும் காகிதம் முடியவில்லை.

"அம்பத்தேழு... அம்பத்தெட்டு."

ஐந்து முழத்துக்கு மேல். கைக்குள் அடங்குகிற ஒரு டப்பாவுக்குள் இது இருந்தது. பதினோரு வருடமாக எஞ்சினோடு குடும்பம் நடத்துகிறவன், இப்படி ஒன்றைப் பிரித்துப் பார்த்ததே இல்லை... மழை வெளிச்சம் அந்தக் காகிதத்துக்குள் பால் மாதிரி நின்றது. அந்த முனையில் அவள். இந்த முனையில் அவன்.

"இழுக்காதீங்க, கிழிஞ்சிடும்."

"நான் இழுக்கலைங்க." முனையைத் தளர்த்திக்கொண்டு ஒரு அடி முன்னால் வந்தான்.

டிக்கியில் இருந்த புது எண்ணெயைக் கேட்டாள். கால்மிதியைத் தட்டி, அந்த ஊர்ச் சாலைகளின் சுண்ணாம்புக்கல் தூசியை அதில் கலந்தாள். அவனுடைய டீ கிளாஸின் மேல் காகிதத்தைக் குழித்து ஒரு கரண்டி ஊற்றினாள். சிவப்பில் எண்ணெய் சீக்கிரம் இறங்கியது. தூசியும் கூடவே இறங்கியது. பச்சையில் எண்ணெயே இறங்கவில்லை. நீலத்தை வைத்துவிட்டு இருவரும் குனிந்து காத்திருந்தார்கள். இரண்டு தலைகளுக்கு நடுவில் ஒரு ஜாண் இடம். மழை, அவள் மூச்சு, ஒன்றும் நடக்கவில்லை... பிறகு காகிதத்தின் அடியில் ஒரு சொட்டு கூடியது. தேன் நிறம். தொங்கி, தயங்கி, விழுந்தது. மேலே அத்தனை தூசியும் வெள்ளையாகத் தங்கியிருந்தது.

சாமிதுரைக்குச் சாமி கும்பிடும் பழக்கம் அதிகம் இல்லை. அந்தச் சொட்டு விழுந்தபோது செருப்பைக் கழற்ற வேண்டும் போல இருந்தது.

"இப்ப உங்க வண்டியில இருக்கிறதை அவுருங்க."

கழற்றி, அதையும் அறுத்துப் பிரித்தான். மடிப்புகள் ஊறி உப்பி ஒன்றோடொன்று ஒட்டிக் கருப்புக் களியாக இருந்தன. வேம்பு அதை முகர்ந்தாள்.

"மண்ணெண்ணெய் வாடை அடிக்குதே... அலசிப் போட்டீங்களா?"

அந்த நொடியில் அவனுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. முந்தி வந்த கம்பளி ஃபில்டரை மண்ணெண்ணெயில் அலசி, வெயிலில் காயவைத்து, திரும்ப மாட்டுவார்கள். காகிதம் வந்த பிறகும் அவன் அதையேதான் செய்தான்; அலசின காகிதம் ஊறி அடைத்துக்கொள்ள, எஞ்சினுக்கு எண்ணெய் போகவில்லை. பேரிங்கைக் கொன்றது கடைச் சரக்கு இல்லை. அவன் கை.

"அதெல்லாம் இல்லைங்க," என்றான். அவள் கண்ணைப் பார்த்தே சொன்னான்.

அவள் ஒரே ஒருமுறை பார்த்தாள். "சரி" என்றாள். பார்சலில் இருந்த இன்னொரு நீல ஃபில்டரை அவளே எடுத்துக் கொடுத்தாள். மாட்டினான். எஞ்சின் பூனை மாதிரி உறுமியது, விளக்கு அணைந்தது. பெரம்பலூர் வரை அவள் கண்கள் கண்ணாடிப் பக்கம் திரும்பவில்லை. நீல டப்பாவிலிருந்து உருவின காகிதம் பின்சீட்டிலேயே கிடந்தது.

அதற்குப் பிறகு அவனுக்குத் தூக்கம் சரியில்லை. பொய் சொன்ன உறுத்தல் என்று நினைத்தான். பொய் அவனுக்குப் புதிது இல்லை என்பது ஞாபகம் வந்தபோதுதான் வேறு ஏதோ என்று பட்டது...

வெள்ளிக்கிழமை காலையில் ஸ்டாண்டில் பானெட்டின் மேல் இரண்டு காகிதத்தையும் விரித்தான். புதியது ஒன்று, தன் கருப்புக் களி ஒன்று. எல்லோரையும் கூப்பிட்டான்.

"அரியமுத்து கடைச் சரக்கு சுத்தம். நான்தான் மண்ணெண்ணெய்ல அலசி அலசி மாட்டுனேன். பேரிங் போனது என்னால. தெரிஞ்சும் அரியமுத்து பொண்ணுகிட்ட இல்லேன்னுட்டேன்."

இத்தனை வருடத்துப் பேர் காலடியில் உடைந்து கிடப்பது அவனுக்குத் தெரிந்தது. மூத்த டிரைவர் தங்கசாமி பீடியைக் கீழே போட்டார்.

"நானும் அலசித்தான் மாப்ள மாட்டுறேன்."

நானும், நானும் என்று ஒவ்வொருவராகச் சொன்னார்கள்.

"நீ சொல்லிக் குடுத்ததுதானடா," என்றார் தங்கசாமி. "இனிமே உன் பேச்சைக் கேட்டா எங்களைச் சொல்லணும்." சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நின்று வாங்கிக்கொண்டான்.

கடைக்கு அவன் போனபோது மத்தியானம். வேம்பு கட்டிவைத்த பெட்டிகளைத் திரும்பப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"காலையிலேர்ந்து பதினோரு பேர் வந்துட்டாங்க," என்றாள் நிமிராமல். "உங்களுக்கு என்ன வேணும், டிரைவர் சார்?"

சட்டைக்குள்ளிருந்து அந்த நீல டப்பாக் காகிதத்தை எடுத்து மேஜையில் வைத்தான். பழைய வரியிலேயே மடித்து, நூல் கட்டி, எண்ணெய்க் கறையோடு.

"வண்டியில விட்டுட்டுப் போனீங்க."

அவள் நூலை அவிழ்த்தாள். லேப் பழக்கம்... விரல் தானாக எண்ணியது. ஐம்பத்தேழில் நின்றது. மறுபடி எண்ணினாள்.

"ஒண்ணு குறையுதே."

சாமிதுரை சட்டைப் பையைத் தொட்டான். அதன் ஓரத்தில் வெள்ளையாக ஒரு மடிப்பு தெரிந்தது.

"அது இங்க இருக்கு. அதைத் திருப்பித் தர்றதா இல்லைங்க." கையைப் பையிலிருந்து எடுக்கவில்லை. "அன்னிக்கி அந்த முனையை நீங்க புடிச்சிருந்தீங்கள்ல... அதே முனைதான். வாழ்நாளுக்கும் நான் வச்சுக்கணும்."

வேம்பு நிமிர்ந்தாள். கண்ணாடி இல்லாமல், மழை இல்லாமல், அந்தக் கண்கள் அவனுக்கு முதல் தடவையாக நேராகக் கிடைத்தன.

"இது பொய் இல்லையே?"

"இல்லைங்க."

ஐம்பத்தேழு மடிப்பையும் நூல் கட்டி மேஜை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினாள்.

"அப்பா உள்ளதான் படுத்திருக்காரு. முதல்ல மண்ணெண்ணெய் விஷயத்தைச் சொல்லுங்க," என்றாள். "அப்பறம்... இதைச் சொல்லுங்க."