சமனாகாத படி

அறுபத்திரண்டாம் வருடத்து வைகாசி வெக்கையில், தண்ணீரூற்று ஊரிலிருந்த முத்தலிப்பின் மாடிவீட்டுக்குத் தில்லைநாதன் எரிச்சலோடுதான் போனார். கட்டிடங்களைப் பார்வையிடும் சுகாதாரப் பரிசோதகர் அவர். மணல் ரோட்டில் சைக்கிளை உருட்டி வந்த களைப்பு ஒருபுறம், சொன்ன வேலை ஒருதரமும் நடக்காத கோபம் மறுபுறம்.

கீழே புகையிலைக் கடை, மேலே குடியிருப்பு. இடையில் செங்குத்தான, இருண்ட படிக்கட்டு. நடுவில் ஒரு படி மட்டும் மற்றவற்றைவிட உயரம். அதில் இடறித்தான் முத்தலிப்பின் மனைவி ஜொஹறா வயிற்றுப் பிள்ளையோடு உருண்டு, அருந்தப்பில் தப்பியிருந்தாள். அதற்குப் பிறகு அவள் கீழே இறங்குவதேயில்லை. புது வீடுகளுக்குத்தான் சட்டம், பழைய வீட்டுப் படி வீட்டுக்காரன் பாடு என்று கிராமசபைத் தலைவர் கையை விரித்துவிட்டார். தில்லைநாதன் விடவில்லை. முத்தலிப்பை நெருக்கிக் கைபிடி போடவைத்தார். அந்தப் படியைச் செதுக்கச் சொன்னார்.

அது இன்னும் உயர்ந்தே நின்றது.

மேசன் இளையதம்பி எத்தனை முறை செதுக்கினாலும் விடிந்தால் பழையபடி நிற்கிறதாம். தில்லைநாதனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“நான் உங்களைப் பேய்க்காட்டேல்லை ஐயா, பொய் சொல்லேல்லை,” என்றான் முத்தலிப்.

தில்லைநாதன் தன் கண்முன்னாலேயே செதுக்கவைத்து, அளவுநாடாவைப் பிடித்துப் பார்த்தார். எல்லாப் படியும் ஒரே உயரம். திருப்தியோடு ஏறினார்.

கால் இடறியது.

கைபிடியைப் பற்றியதால் தப்பினார். காலில் பட்டது சீமெந்து இல்லை. மெத்தென்று, சில்லென்று இருந்தது. நனைந்த சீலையின் வாடை மூக்கில் ஏறியது.

மேலே திரைக்குப் பின்னாலிருந்து ஜொஹறாவின் குரல் மட்டும் வந்தது.

“அதிலை ஒரு பொம்பிளை குந்தியிருக்கிறா ஐயா. நான் சொன்னால் இவர் நம்புறாரில்லை.”

முத்தலிப் தலை குனிந்தான். வீட்டை விற்றவரின் தங்கை, கைக்குழந்தையோடு இறங்கும்போது அதில்தான் விழுந்தாளாம். இரண்டு உயிரும் போயிற்றாம். வாங்கிய பிறகுதான் அவனுக்கே தெரியவந்ததாம்.

தில்லைநாதனுக்குப் பயத்தைவிட ஆத்திரமே மேலோங்கியது. கட்டும்போதே ஒருவன் இந்தப் படியைத் தட்டிக் கேட்டிருந்தால் அந்தப் பிள்ளை பிழைத்திருக்கும்.

அன்றே ஜொஹறாவைக் கைத்தாங்கலாக இறக்கி, முல்லைத்தீவிலுள்ள தாய்வீட்டுக்கு அனுப்பவைத்தார். படிக்கட்டை முழுதாக இடித்து, வெளிப்பக்கமாகச் சாய்வான படிக்கட்டுக் கட்டச் சொன்னார்.

ஜொஹறா பிள்ளைபெற்றுத் திரும்பிய காலையில், வேலையைப் பார்க்கத் தில்லைநாதனும் வந்திருந்தார். வாசலில் வண்டியிலிருந்து இறங்கும்போதே குழந்தை வீரிட்டு அழுதது. புதுப் படிக்கட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை. உள்ளே, பழையது இருந்த இடத்தில் வெறும் சுவர். அதில் ஒட்டியிருந்த காரையை இளையதம்பி சுரண்டிக்கொண்டிருந்தான். வெள்ளைத் தூள் உதிர்ந்தது.

நிலத்துக்கு வரவில்லை.

அந்தப் படி இருந்த உயரத்தில், அந்தரத்தில் தங்கி நின்றது. முதலில் இரண்டு முழங்கால்கள் தெரிந்தன. பிறகு ஒரு மடி. இளையதம்பியின் கை அப்படியே நின்றுவிட்டது.

அந்த மடி மெல்ல, மெல்ல ஆடத் தொடங்கியது.

வாசலில், யாரோ தட்டிக்கொடுத்ததுபோல், குழந்தையின் அழுகை அடங்கியது.