விட்டுப்போன அங்கி

"பாறை வெடிப்பா? அது இந்தப் பொம்பளையோட அங்கிய்யா! கால் வரைக்கும் இறங்குது பாரு, கண்ணு அவிஞ்சுபோச்சா?"

குன்வோர் பாறையில் நின்று கத்தியது வேலி தாண்டி எங்கள் சமையலறை வரைக்கும் கேட்டது. கேட்காவிட்டால் ஜன்னலைத் திறந்திருப்பேன்.

"ஆம்பளைதான்," என்றான் அவள் புருஷன் ஆல்ரிக். "உன்னைக் கட்டறதுக்கு முன்னேயிருந்து பூசறேன். வாயை மூடு."

எங்கள் கடலோரப் பாறைகளில் ஆதிகாலத்தவர் செதுக்கிய உருவங்கள் உண்டு. பார்க்க வருகிறவர்களுக்காக அவற்றின் குழிகளில் சிவப்புச் சாயம் பூசுவோம். நீள அங்கி என்றால் பெண், வெறுங்கால் என்றால் ஆண். எங்கள் சாஸ்திரம் அவ்வளவுதான். தூரிகை தொடாத கோடு யார் கண்ணுக்கும் தெளிவாகப் படாது. வீம்புக்காகவே ஆல்ரிக் அங்கியின் கோடுகளை விட்டுவிட்டுக் கால்களை மட்டும் பூசினான். குன்வோர் கோபித்துக்கொண்டு அக்காள் வீட்டுக்குப் போய்விட்டாள்.

மறுநாள் வாசல் கொக்கியில் அவளுடைய நீளக் குளிர்கோட்டைக் காணோம். எடுத்துப் போயிருப்பாள் என்று நினைத்து ஆல்ரிக் காப்பி போட்டான்.

அக்டோபர் வெளிச்சம் மதியத்திலேயே சாம்பலாகி, ஈரக்கல் வாசமும் சாயநெடியும் கதவிடுக்கு வழியாக மெல்ல உள்ளே கசிந்துகொண்டிருந்தபோதுதான் அந்தச் சத்தம் கேட்டது. நனைந்த துணியின் ஓரம் சரளையில் இழுபடும் சத்தம். பிறகு வாசற்படியில். பிறகு அவன் நாற்காலிக்குப் பின்னால், மரத்தரையில்.

திரும்பினான். யாருமில்லை. தரை நெடுக ஈரச் சிவப்புக் கோடு.

"பூசிடறேன்," என்றான் காலி அறையிடம். "இப்பவே பூசிடறேன்."

சாய டப்பாவோடு பாறைக்கு ஓடினான். உருவம் இருந்த இடத்தைத் தடவினான். வழவழப்பு. கால் இல்லை, கோடு இல்லை. வெறும் பாறை.

பின்னாலேயே வந்த இழுபடும் சத்தம் நின்றது.

அவன் சட்டைப் பொத்தான் கழன்றது. இன்னொன்று. கீழே இன்னொன்று.

அவனுடைய இரண்டு கைகளும் பாறையில் இருந்தன.

மறுநாள் அங்கே அவன் துணிகள் மடித்து வைக்கப்பட்டிருந்தன, மேலே குன்வோரின் குளிர்கோட்டு. பாறையில் அந்தப் பெண் மறுபடி நின்றாள், கால் வரைக்கும் சிவப்பு அங்கி, சாயம் இன்னும் ஈரமாக. பக்கத்தில் புதிதாக ஓர் உருவம், கைகளைத் தூக்கியபடி.

வசந்தத்தில் குன்வோர் உத்தேவல்லா நகரத்துச் சாயக்கடைக்காரனைக் கட்டிக்கொண்டு ஊரைவிட்டே போனாள். பக்கத்து உருவம் ஆணா பெண்ணா என்று வருகிறவர்கள் எல்லாரும் கேட்கிறார்கள். உடம்பில் துணி இருக்கிறதா என்று பூசினால்தானே தெரியும்? அதை யாரும் பூசுவதில்லை. மழையே இல்லாத கோடையிலும் அதன் வாய்க்குழி மட்டும் ஈரமாக இருக்கிறது.