என்னைத் தூக்கிக்கோங்க

செவ்வலம் என்ற கோளில் மாலை ஆறரை மணி என்றால் கொஞ்சல் வேளை. அது சுகாதாரத் துறையின் உத்தரவு. பூமியை விட்டு இவ்வளவு தூரம் வந்து, கண்ணாடிக் கூரைக்குள் அடைந்து வாழ்கிறவர்களைத் தனிமை நோய் தாக்காமல் இருக்க, நாளொன்றுக்கு இருபது நிமிடமாவது எதையாவது கொஞ்சியே ஆகவேண்டும். உண்மையிலேயே கொஞ்சினோமா, சும்மா உட்கார்ந்திருந்தோமா என்பதை மணிக்கட்டில் கட்டிய குழைவுமானி காட்டிக்கொடுத்துவிடும். மனம் குழைந்தால் பச்சை, இல்லையென்றால் சிவப்பு. மூன்று நாள் தொடர்ந்து சிவப்பு எரிந்தால் மருத்துவர் வீட்டுக்கே வந்துவிடுவார்.

நல்லவேளையாக மக்களுக்குப் புப்பு இருந்தது. ‘விண்ணோடம் ஏழு’ என்ற தொடரில், பாழடைந்த கோள் ஒன்றிலிருந்து கப்பல்காரர்கள் கண்டெடுக்கும் அனாதைக் குழந்தை அது. மூன்றடி உயரம், முகத்தில் பாதியை அடைத்த கண்கள், தத்தித் தத்தி நடை. அது கப்பல் தலைவனின் காலைக் கட்டிக்கொண்டு, “புப்புக்குப் பசிக்குது” என்றதும் நாற்பதாயிரம் வீடுகளில் ஒரே சமயத்தில், “அய்யோ, என் செல்லமே!” என்று குரல் எழும். அணுவுலையைக் கட்டி ஆளும் பொறியாளர்கள்கூட நாக்கைச் சுருட்டிக்கொண்டு பேசுவார்கள். பார்க்கக் கொஞ்சம் கண்றாவிதான்.

புப்புவாக நடித்தவரின் பெயர் ஊமரோன். வயது தொண்ணூற்று மூன்று. செவ்வலத்தின் பூர்வகுடி. கூரைக்கு வெளியே, ஓர் ஊற்றின் கரையில் வாழும் நானூற்றுப் பன்னிரண்டு பேருக்குத் தலைவர். அவர் தத்தி நடந்தது முழங்கால் வலியால். கண் எப்போதும் கலங்கியிருந்தது கூரைக்குள் வீசும் வறண்ட காற்றால். இந்த மனிதர்களோடு பழகி வைத்தால், என்றைக்காவது தன் வார்த்தைக்குக் காது கொடுப்பார்கள் என்று நம்பித்தான் அவர் நடிக்க ஒப்புக்கொண்டார்.

மக்களோ அந்த இனமே வளராத குழந்தைகள் என்று நினைத்திருந்தார்கள். உண்மை தெரிந்தவள் தமயந்தி ஒருத்திதான். மூச்சும் முனகலும் கலந்த அவர்கள் மொழியிடம் எல்லா மொழிபெயர்ப்புக் கருவிகளும் தோற்றுப்போயின. தமயந்தி ஒன்பது வருடம் அந்த ஊற்றங்கரையில் உட்கார்ந்து அதைக் கற்றாள். தொடரில் புப்புவுக்குக் குரல் கொடுத்தவளும் அவளே. ஊமரோன் தன் மொழியில் பேசுவார், அதன்மேல் அவள் மழலையைப் பூசுவாள். “இந்த விளக்கைத் தணியுங்கள், கண் எரிகிறது” என்று அவர் கெஞ்சியது, “உஷ்ஷ்! சூரியன் மாமா கடிக்குது!” என்று திரைக்கு வந்து, சிறந்த வசனத்துக்கான பரிசையும் வாங்கியது. அன்று தமயந்திக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் இறங்கிவிட்டது.

அந்த வருடம் இரண்டாவது கூரை கட்ட முடிவானது. ஊற்று இருந்த இடம் அதன் நட்ட நடுவில் வந்தது. நாற்பது நாளில் அதை மூடிவிடுவார்கள் என்று கேள்விப்பட்டதும் ஊமரோன் தமயந்தியைத் தேடி வந்தார்.

“உங்கள் மக்கள் தினமும் என் முகத்தைப் பார்க்கிறார்கள். ஒருநாள், ஒரே ஒருநாள் நான் சொல்வதை அப்படியே சொல்வாயா?”

“சொல்றேன் ஐயா. சத்தியமா சொல்றேன்.”

அவர் கேமராவைப் பார்த்துப் பேசினார். “எங்கள் இறந்தவர்களை இந்த நீரில்தான் கரைக்கிறோம். இதைக் குடித்துத்தான் அவர்களோடு வாழ்கிறோம். எங்களுக்கு உங்கள் இரக்கம் வேண்டாம். எங்களை எங்கள் இடத்தில் விட்டுவிடுங்கள்.”

தமயந்தி வாக்குத் தவறவில்லை. முதலில் தன் சொந்தக் குரலில், ஓர் எழுத்துக்கூட மாற்றாமல் பதிவு செய்தாள். முன்னோட்டத்துக்கு அழைத்திருந்த இருபது பேரிடம் போட்டுக் காட்டினார்கள். இருபது குழைவுமானிகளும் சிவந்தன. “புப்புவுக்கு என்ன ஆச்சு? பெரிய மனுஷன் மாதிரி பேசுது, நல்லாவே இல்லை” என்று ஓர் அம்மாள் எழுந்தே போய்விட்டார்.

இயக்குநர் எபினேசர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். “நான் ஒண்ணும் கெட்டவன் இல்லம்மா. அந்த ஊத்து மேல எனக்கும் அக்கறை இருக்கு. ஆனா ஜனங்க திரைய அணைச்சிட்டுப் போயிட்டா யாருகிட்ட சொல்லுவ? வழக்கமான குரல்ல சொல்லு. அழ வை. அழுதா தானா ஏதாவது செய்வாங்க.”

அவர் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. ஊமரோனுக்காகத்தானே செய்கிறோம் என்று தமயந்தி மனதைத் தேற்றிக்கொண்டு மறுபடி ஒலிவாங்கியின் முன் உட்கார்ந்தாள். “எங்க தண்ணிய மூடப் போறாங்களாம். பாப்பால்லாம் எங்க போகும்?” என்றாள். திரையில் ஊமரோனின் வாய் இன்னும் நான்கு நொடி அசைந்தது. அந்த இடத்தை நிரப்ப, யாரும் கேட்காமலே, “என்னைத் தூக்கிக்கோங்க” என்று ஒரு வரி சேர்த்தாள். தொழில் பழக்கம்.

அந்த மாலை செவ்வலமே அழுதது. எல்லா வீட்டிலும் பச்சை எரிந்தது. மறுநாள் காலை ஆட்சிமன்ற வாசலில் பதினைந்தாயிரம் பேர் கூடி, “தூக்கிக்கிறோம்! தூக்கிக்கிறோம்!” என்று கோஷம் போட்டார்கள். இவ்வளவு ஒற்றுமையை ஆட்சிமன்றம் அதுவரை கண்டதில்லை. மூன்றே நாளில் சட்டம் வந்தது. ஊற்றங்கரைக் குழந்தைகள் நானூற்றுப் பன்னிரண்டு பேரையும் குலுக்கல் முறையில் வீடுகளுக்குத் தத்துக் கொடுப்பது என்று.

தமயந்தி ஆட்சிமன்றத்துக்கு ஓடினாள். “அவங்க குழந்தைங்க இல்லைங்க. அவர் அதைக் கேக்கவே இல்லை. அந்த வரி நான் போட்டது!”

அதிகாரி அவளைக் கனிவாகப் பார்த்தார். “எங்க காதால கேட்டோமேம்மா. நீங்க ரொம்ப களைச்சுப் போயிருக்கீங்க.”

அவளுக்கு நன்றி தெரிவித்து விழா எடுத்தார்கள். ஊற்றை மூடினார்கள். குலுக்கலில் பெயர் வராதவர்கள், வேறு எங்காவது ஊற்று இருக்கிறதா என்று தேடச் சொல்லி மனுக் கொடுத்தார்கள். குழைவுமானி குற்றவுணர்ச்சிக்கும் குழைவுக்கும் வித்தியாசம் அறியாத கருவி. ஊரிலேயே அதிக நேரம் பச்சை எரிந்தது தமயந்தியின் கையில்தான். அதற்கும் ஒரு சான்றிதழ் வந்தது.

ஊமரோனை மட்டும் குலுக்கலில் சேர்க்காமல் அவளுக்கே கொடுத்தார்கள். அவள் வீட்டு சோபாவில், யாரோ பின்னிக் கொடுத்த மஞ்சள் குல்லாவோடு, கால் தரையில் எட்டாமல் அவர் உட்கார்ந்திருந்தார். தமயந்தி அவர் முகத்தைப் பார்க்க வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி நடந்தாள்.

பத்தாம் நாள் எதிர்வீட்டுச் சுகுணா வந்தாள். குலுக்கலில் பெயர் வராத ஏக்கம் அவளுக்கு. நேராகப் போய் ஊமரோனின் கன்னத்தைக் கிள்ளி, “என் தங்கமே, பட்டுக்குட்டி!” என்றாள்.

ஊமரோன் அவளைப் பார்க்கவில்லை. தமயந்தியைப் பார்த்து, பத்து நாளில் முதல்முறையாகப் பேசினார்.

“என் மனைவி அந்த நீரில் இருந்தாள். நான் சொன்னதை நீ சொல்லியிருந்தால், தோற்றிருந்தாலும் மனிதனாகத் தோற்றிருப்பேன். இப்போதாவது இவளிடம் சொல்.”

“ஐயோ, பேசுது!” சுகுணா கையைத் தட்டினாள். “என்ன சொல்லுது தமயந்தி? சொல்லேன், என்ன சொல்லுது?”

சுகுணாவின் மணிக்கட்டில் பச்சை எரிந்துகொண்டிருந்தது. அந்த முகத்தில் அவ்வளவு சந்தோஷம், அவ்வளவு அன்பு. தமயந்தி வாயைத் திறந்தாள்.

“பசிக்குதாம்” என்றாள்.

“அடடா! இரு, நான் பால் காய்ச்சிக் கொண்டுவரேன்” என்று சுகுணா ஓடினாள்.