கோட்டில் ஒரு வாசனை

நடு ஹாலில் கவினுவின் பிணம் கிடந்தது.

மலையுச்சியிலிருந்து விழுந்த உடம்பு. முகத்து ரத்தத்தைத் துடைத்துச் சவப்பெட்டியில் கிடத்தியிருந்தார்கள்.

அந்தியோகு ஜெபம் சொல்லி எழுந்தான். வாசலில் மாட்டியிருந்த தன் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தான். அடுப்பு மூட்டாத இழவு வீட்டுக்கு ஆட்டுக்கறிக் குழம்பும் கொண்டுவந்திருந்தான். வராமல் இருக்க முடியுமா? கவினுவின் மகளுக்கு ஞானத்தகப்பன் ஆயிற்றே!

கவினுவைத் தள்ளிவிட்டவனும் அவன்தான்.

இத்தாலியின் சார்டீனியா தீவைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத ஓர் அந்துப்பூச்சி, அந்தியோகு ஹோட்டல் கட்டவிருந்த சரிவிலேயே குடியிருந்தது. பூச்சிகளை ஆராய்ந்துவந்த கவினு அதை அரசாங்கத்துக்குச் சொல்லியிருந்தால் ஒரு செங்கல் வைக்க முடியாது.

ஜன்னல் வழியாக அதே பூச்சி ஒன்று உள்ளே வந்தது. நேராக அவன் தோளில் உட்கார்ந்தது.

தட்டிவிட்டான்.

இன்னொன்று... நாலு... பத்து...

பெண்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள்.

"அசையாதீங்கண்ணே," என்றாள் கவினுவின் மனைவி பொனாரியா. "எல்லாம் ஆண் பூச்சி. பொட்டப் பூச்சி வாசனைக்குத்தான் வரும். அன்னைக்கு அவரு ஒரு பொட்டப் பூச்சியக் கூண்டுல வெச்சு மலைக்கு எடுத்துட்டுப் போனாரு."

"அதுக்கு?"

"கூண்டுப் பக்கத்துல நின்னவங்க துணியில வாசனை ஒட்டிக்கும். லேசுல போகாது."

பக்கத்து வீட்டார் கொடுத்த காபியைக் குடித்துக்கொண்டிருந்த இன்ஸ்பெக்டர் தெஸ்ஸி கோப்பையைக் கீழே வைத்தார்.

"நீங்க மலைப்பக்கமே போகலன்னீங்களே?"

"போ... போகல சார்."

கழுத்தில் ஒன்று ஊர்ந்தது. அந்தியோகு அதைப் பிடுங்கி எறிந்தான். செத்தவன்தான் அனுப்புகிறானோ? சவப்பெட்டிப் பக்கம் திரும்பவே பயமாக இருந்தது.

"அப்ப உங்க கோட்டுல வாசனை எப்படி?"

"ஐயோ, இது அந்தக் கோட்டு இல்ல சார்! அத அன்னைக்கே எரிச்சுட்டேன்!"

தெஸ்ஸி எழுந்தார்.

சொன்னது அவன் காதிலேயே விழுந்தபோது காலம் கடந்திருந்தது.

"தெரியும்ணே," என்றாள் பொனாரியா. "வருஷக்கணக்கா ஒரே வெல்வெட் கோட்டுல திரிஞ்ச மனுஷன் இழவுக்குப் புதுசு போட்டுட்டு வந்தா சந்தேகம் வராதா? வீட்டுல இன்னொரு பொட்டப் பூச்சி இருக்கு. நீங்க ஜெபம் பண்ணிட்டு இருந்தப்ப, அதோட கூண்டுத் துணிய எடுத்து உங்க கோட்டுல தேய்ச்சது நான்தான்."

தெஸ்ஸி விலங்கை எடுத்தார்.

"கோட்டக் கழட்டிட்டு ஏறுங்க. உங்க ரசிகர் கூட்டத்துக்கெல்லாம் ஜீப்புல இடம் இல்ல."